சுவரோரப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே கால். தங்கை பேருந்திலிருந்து இறங்கி, அட்டைப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுத் தெருவுக்குள் நடந்தாள். பெட்டியின் நான்கு பக்கமும் கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சாகியிருந்தது. அதை மூட வீட்டில் ஒரு துணியைத் தேடி எடுத்திருந்தாள். பிறகு துணியை மடித்து அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் கம்பெனியின் ஸ்பீக்கரை சூப்பர்மார்க்கெட்டில் சோப்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் விற்றார்கள். முடிவெட்டும் கடையில் இருந்தது. தையல் கடையில் இருந்தது. தெருவில் பாதி வீடுகளில் இருந்தது. அண்ணன் வீட்டில் இல்லை.

அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. நண்பர்கள் அவனைக் காது என்று கூப்பிட்டார்கள். கண்ணில் சம்பாதித்துக் காதில் விடுகிறார் என்பாள் அண்ணி. சின்ன வயதில் அவனும் தங்கையும் சேர்ந்து ஸ்பீக்கர் செய்தவர்கள். அவன் மரம் அறுப்பான். அவள் ஒயரைப் பல்லால் கடித்து உரிப்பாள். அதனால் அவளுக்கு எலி என்று பேர் வந்தது. அவள் அந்தக் கம்பெனியில் சவுண்டு இன்ஜினியராகச் சேர்ந்த பிறகு, அவன் அவளுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மேனேஜர் எப்படி, கேன்டீன் எப்படி, எதுவும் இல்லை. வீட்டில் யாருக்கோ வெளியே சொல்ல முடியாத நோய் வந்ததுபோல எல்லோரும் அந்தப் பேச்சைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாளை காலை ஆபீசில் புது ஸ்பீக்கரின் டியூனிங்கை, அதாவது அதன் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதை, முடிவாகப் பூட்டுகிறார்கள். கையில் இரண்டு இருந்தன. ஒன்று அவள் செய்தது. இன்னொன்று விற்பனைப் பிரிவு கேட்டு வாங்கியது. அதற்கு ஆபீசில் கடை டியூனிங் என்று பேர். கடையில் நடந்துபோகிறவனின் தலை திரும்ப வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. எம்.டி. இரண்டையும் கேட்பார். ஒன்றைச் சொல்வார். அது எல்லா வீடுகளுக்கும் போகும்.

அவளுடையதில் ஏதோ பிசகு இருந்தது. இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் ஒரே சத்தத்தைக் கேட்ட காது, தன் வீட்டு வாசனை தெரியாத மூக்கைப் போல ஆகிவிடுகிறது. வேறு காது வேண்டும். அவளுக்குத் தெரிந்து நம்பத் தகுந்த காது ஒன்றுதான்.

அண்ணி கதவைத் திறந்தாள்.

"வா. உள்ள சபை கூடியிருக்கு. செருப்பை மெதுவா கழட்டு. சத்தம் கேட்டா பாட்டு கெட்டுப்போயிடும்."

கூடத்தில் கனத்த திரைகள் காலை வெளிச்சத்தை அடைத்திருந்தன. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்றன. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம். சோபாவை எப்போதோ விற்றாயிற்று. நாற்காலியில் இருப்பவன் வாய் திறக்கும்வரை மற்றவர்கள் பேசக் கூடாது. அது சபையின் சட்டம்.

இப்போது நாற்காலியில் அண்ணன். தரையில் பல் டாக்டரும் வயரும். வயர் இன்சூரன்ஸ் அதிகாரி. நல்ல கேபிள் போட்டால் பாட்டில் இருட்டு விலகும் என்று நம்பியதால் அந்தப் பேர்.

பாட்டு முடிந்தது. அண்ணன் "ம்" என்றான். சட்டம் தளர்ந்தது.

"என்ன தங்கச்சி, மைக்ரோவேவ் வாங்கினியா?" என்றார் டாக்டர்.

"சும்மா இருங்க டாக்டர். அதுல சாப்பாடாவது சூடாகும்," என்றார் வயர்.

அண்ணன் அட்டையில் இருந்த பெயரைப் படித்தான்.

"அண்ணிக்கா?"

"உனக்கு."

"எனக்கு எதுக்கு?"

"நாளைக்கு டியூனிங் லாக் பண்றாங்க. என்னோடதுல எங்கயோ உதைக்குது. எங்கன்னு பிடிபடல. நீ ஒரு தடவை கேட்டுச் சொல்லணும்."

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு எலி? அவங்க விக்கறது சத்தத்தையா? பெட்டியைத்தானே. வெள்ளையா இருக்கு, மூலை வளைவா இருக்கு, டீப்பாய் மேல எடுப்பா இருக்கு. போதாதா?"

"போதாது. அதான் வந்திருக்கேன்."

டாக்டர் சமாதானத்துக்கு வந்தார். "காது, திரை கட்டிடலாம். நம்மளோடது ஒண்ணு, இது ஒண்ணு. எது எதுன்னு தெரியாம கேப்போம். நியாயமா இருக்கும்."

"திரை வேண்டாம் டாக்டர்," என்றாள் தங்கை. "வீட்டுல யாரும் திரைக்குப் பின்னாடி வெச்சுக் கேக்கறதில்ல. பேரைப் பாத்துக்கிட்டே கேக்கட்டும். திட்டணும்னா கேட்டுட்டுத் திட்டட்டும்."

"தங்கச்சிக்கு தைரியம் ஜாஸ்தி," என்றார் வயர்.

"தைரியம் இல்லண்ணே. நேரம் இல்ல."

அண்ணன் தாடையைத் தடவினான். "ஒரு பாட்டு. அவ்வளவுதான்."

அடுப்படியிலிருந்து அண்ணி டீக்குக் கூப்பிட்டாள். தங்கை போய், டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் பாட்டு ஓட ஆரம்பித்திருந்தது.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அட்டையிலிருந்து எடுத்த வெள்ளை ஸ்பீக்கர் பெட்டியை உயரமான ஸ்டாண்டின் மேல் ஏற்றி, கூடத்தின் நடுவில், சுவர்களிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்திருந்தார்கள். வெளி ஸ்பீக்கர் எது வந்தாலும் அங்கேதான் வைப்பார்கள். அது அவர்கள் செய்யும் மரியாதை. டாக்டர் தன் கைக்குட்டையால் ஸ்டாண்டைத் துடைத்திருந்தார். வயர் தன் சொந்த கரண்ட் கேபிளை அதற்குக் கொடுத்திருந்தார். அந்த கேபிளை அவர் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

அண்ணன் கண்ணை மூடியிருந்தான். சட்டப்படி அவள் பேச முடியாது. டீ ஆடை கட்டியது.

பாட்டு முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்தான்.

"கழுத்துக்குக் கீழ உடம்பே இல்ல."

"பட்டினி கிடக்குது பாவம்," என்றார் வயர்.

"அண்ணா, அது சுவரோரம் இருக்கணும்," என்றாள் தங்கை. "சுவர்ல பட்டுத் திரும்புற கனத்த பேஸ் சத்தத்தையும் சேர்த்துத்தான் டியூன் பண்ணியிருக்கு. பின்னாடி சுவர் இல்லேன்னா பாதிதான் கேக்கும்."

வயர் சிரித்தார். "சுவரைப் பிடிக்காம நிக்க முடியாதா? என்ன, குடிச்சிருக்கா?"

"எந்த வீட்டுலண்ணே ஸ்பீக்கரை நடு வீட்டுல நிக்க வெப்பாங்க?"

மூன்று பேரும் கூடத்தை ஒருமுறை பார்த்தார்கள். டாக்டர் இருமினார்.

"எங்க வெக்கணும்னு வீடு சொல்லக் கூடாது. ஸ்பீக்கர் சொல்லணும்," என்றான் அண்ணன். "என்கூட இருந்தவரைக்கும் நீயும் அப்படித்தான் பேசுவே. ஒரு பாட்டுன்னு சொன்னேன். கேட்டாச்சு."

அவன் எழுந்து தன் ஸ்பீக்கர்களுக்கு அடுத்த பாட்டைப் போட்டான்.

அவள் கிளம்பியிருக்கலாம். பேருந்து நிறுத்தம் பக்கம்தான். வயரின் கேபிளைக் கழற்றிச் சுருட்டி, அவர் மடியில் வைத்தாள். வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"என்ன சொன்னாங்க?" என்றாள் அண்ணி. அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பட்டினியாம்."

"அந்த நாற்காலி அப்படி. நான் ஒரு நாள் உக்காந்து பாத்தேன். ரெண்டு நிமிஷத்துல எங்கம்மா சமையலையே குறை சொல்லலாம்னு தோணிடுச்சு."

தங்கை மேடையில் சர்க்கரை டப்பாவைத் தள்ளி இடம் செய்தாள். பெட்டியின் முதுகை ஓடு பதித்த சுவரோடு ஒட்டி வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து அப்பாவைப் போட்டாள்.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் உயிரோடு இருந்தபோது அண்ணனும் அவளும் ஒரு டேப்பில் அவரைப் பிடித்து வைத்தார்கள். பாசத்துக்காக அல்ல, சோதனைக்காக. பாடகரின் குரலை அவர்கள் நேரில் கேட்டதில்லை. ஸ்பீக்கர் அதைக் கெடுத்தாலும் தெரியாது. அப்பாவின் குரல் இருவருக்கும் தெரியும். இருவரும் இன்றுவரை எந்த ஸ்பீக்கரையும் அந்த டேப்பில்தான் முடிவு செய்தார்கள்.

"மூன்றாவது நடைமேடைக்கு வர வேண்டிய வண்டி தாமதமாக வரும். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

குரல் அடுப்படியை நிரப்பியது. அண்ணியின் கத்தி நின்றது.

"மாமா குரல் எவ்வளவு நல்லா இருக்கு," என்றாள்.

கூடத்தில் பாட்டு பாதியில் நின்றது. அந்த வீட்டில் பாட்டு பாதியில் நிற்பதில்லை. அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அது அப்பா இல்ல."

"அதே டேப்புதான்."

"டேப்பு அதே. ஆள் வேற. அப்பாவுக்கு ஏது இவ்வளவு பெரிய நெஞ்சு? இந்த ஆளைப் பாத்தா ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி இருக்கான். அப்பா வண்டி லேட்டுன்னு சொன்னா, அவரேதான் லேட் பண்ணிட்ட மாதிரி இருக்கும்."

அவள் திரும்பப் போட்டாள். இந்த முறை அவளுக்கும் கேட்டது.

அப்பாவின் குரல் மெலிந்தது. தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல இருக்கும். பக்கத்து அறையில் அவர் பேசினால் பூனை எழுந்து போகும். அவள் வாரம் வாரம் அந்த டேப்பைப் போட்டுக் கேட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்து, அவருக்கு உடம்பு போட வைத்திருந்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால் சரி என்று நினைத்திருந்தாள்.

"எங்கண்ணா?"

"தொண்டைக்குக் கீழ. நெஞ்சுக்குழிக்கு மேல." அவன் தன் மார்பிலேயே விரலை வைத்துக் காட்டினான்.

அவள் நறுக்கிய காயை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பை இழுத்தாள். அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் இறக்கினாள்.

"இன்னும்."

இறக்கினாள்.

"இன்னும். ம். ஐயோ, போச்சு, இப்ப காய்ச்சல் வந்த அப்பா. கொஞ்சம் மேல வா. அங்க நில்லு."

டேப்பில் வண்டி மறுபடி தாமதமாக வந்தது. வருந்தினார். அப்பாதான்.

டாக்டரும் வயரும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே நான்கு பேருக்கு இடம் இல்லை.

"இந்த வீட்டுல முதல் தடவையா ஒரு மனுஷன் அடுப்படியில நின்னு கேக்கறான்," என்றாள் அண்ணி. "நல்லா பாத்துக்கங்க டாக்டர். நீங்கதான் சாட்சி."

தங்கை பெட்டியைத் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். அப்பா மெலிந்துபோனார். ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். கொஞ்சம் தேறினார். தரையில் மூலையில் வைத்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் திரும்ப வந்துவிட்டார்.

"மேடையிலயே வை," என்றான் அண்ணன். "அங்க சரியா இருந்துச்சு."

"வாங்கறவங்க எங்க வெப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"அவங்களுக்கு எழுதிக் குடு, இங்கதான் வெக்கணும்னு."

"யாரும் படிக்க மாட்டாங்க. வாங்கின அன்னிக்கே அட்டையோட குப்பைக்குப் போயிடும்."

"ஒரு இடத்துலயாவது முழுசா சரியா இருக்கணும் எலி. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"உன் வீட்டுல ஒரு நாற்காலி. அதுல உக்காந்தா முழுசா சரி. அண்ணி இத்தனை வருஷமா இங்கிருந்து என்ன கேக்கறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான்.

"திடும் திடும்னு கேக்கும்," என்றாள் அண்ணி. "மேல் வீட்டுல யாரோ மாவு இடிக்கற மாதிரி. நான் பழகிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு டாக்டர் சிரித்தார். அண்ணியும் சிரித்தாள்.

"என் வேலை வேற அண்ணா. ஒரு இடத்துல முழுசா சரியா இருக்கறது இல்ல. எங்க வெச்சாலும் ஆள் மாறக் கூடாது. அவ்வளவுதான். இளைச்சா இளைக்கட்டும். ஆனா அப்பாவா இருக்கணும்."

அண்ணன் குனிந்தான். பெட்டியைத் தானே தூக்கினான். கம்பெனியின் பெயர் அவன் உள்ளங்கைக்குள் போயிற்று.

"நீ அங்கேயே உக்காந்து மாத்து. நான் வெக்கறேன்."

சாப்பாடு தாமதமானது. அண்ணன் பெட்டியோடு வீடு முழுக்க நடந்தான். புத்தக அலமாரியில் வைத்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். துணி துவைக்கும் மெஷின் மேல் வைத்தான். ஒவ்வொரு இடத்திலிருந்தும் கத்தினான். "குண்டு!" "ஒல்லி!" "இங்க சளி பிடிச்சிருக்கு!" அவள் அடுப்படியில் இருந்தபடி மாற்றினாள். இடையில் வயர் தன் கேபிளை நீட்டினார். வேண்டாமென்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கடைசியில் அவன் திரும்பி வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"எங்க வெச்சாலும் அவர்தான். துணி மெஷின் மேல கொஞ்சம் கோவமா இருக்கார். பரவாயில்ல, சில நாள் அப்படித்தான் இருப்பார்."

அவள் சேமித்தாள். பிறகு, "இன்னொண்ணையும் கேளு," என்று கூடத்தில் கேட்ட அதே பாட்டைக் கடை டியூனிங்கில் போட்டாள்.

வயரின் தலை நிமிர்ந்தது. "அட! இது நல்லா இருக்கே. இதை ஏன் முதல்லயே போடல?"

"பொறு," என்றான் அண்ணன்.

பாட்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் வயர் காதைத் தேய்த்துக்கொண்டார். பிறகு டாக்டர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். தங்கை நிறுத்தினாள்.

"பரவாயில்லண்ணே," என்றாள் வயரிடம். "முதல் தடவை எனக்கும் தலை நிமிர்ந்துச்சு. அதுக்குத்தான் பண்ணியிருக்கு."

"நாளைக்கு உங்க எம்.டி. எவ்வளவு நேரம் கேப்பார்?" என்றான் அண்ணன்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம். போன் வந்தா அதுவும் இல்ல."

"அப்ப நீ தோத்தே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்?"

"தோக்கறதா இருந்தாலும் சரியானதை வெச்சுத் தோக்கறேன். ஆனா தோக்க மாட்டேன். பாட்டு போட்டாத்தானே கடை டியூனிங் ஒரு நிமிஷத்துல ஏமாத்தும்? பேச்சு போடப் போறேன். அப்பாவைப் போடப் போறேன்."

அண்ணன் தலையை ஆட்டினான். "அவருக்கு அப்பாவைத் தெரியாதே. கடை டியூனிங்ல கேட்டாலும் நல்ல கம்பீரமான குரல்னு சொல்லிட்டுப் போயிடுவார். உங்கண்ணியே சொன்னாளே, குரல் எவ்வளவு நல்லா இருக்குன்னு."

அது உண்மை. தங்கை லேப்டாப்பை மூடினாள். விரலால் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி காயை வாணலியில் போட்டாள். சத்தம் அடங்கியதும் திரும்பாமலே சொன்னாள். "உங்கண்ணன் குரலும் இதே தகரம்தானே."

"கடைக்கு போன் பண்ணினா, கண்ணாடி ரெடியா வண்டி லேட்டான்னே புரியாது," என்றார் டாக்டர்.

தங்கையின் விரல் நின்றது.

"அண்ணா, உன் மைக் எங்க?"

அண்ணன் அடுப்படி மேடைக்கு முன்னால் நின்று பேசினான். என்ன பேசுவதென்று தெரியாமல் அப்பாவின் வரிகளையே பேசினான். மூன்றாவது நடைமேடை. தாமதம். வருத்தம். அவள் பதிவு செய்தாள். பிறகு அவனைப் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இப்ப நேர்ல சொல்லு."

சொன்னான். அவன் முடித்ததும் பெட்டி அதையே அவளுடைய டியூனிங்கில் சொன்னது. அண்ணி அவனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவனே இரண்டு முறை பேசியதுபோல இருந்தது.

அடுத்து கடை டியூனிங். முதல் வார்த்தையிலேயே வயர் வெடித்துச் சிரித்தார்.

"இது யாரு? காது கிணத்துக்குள்ள விழுந்துட்டானா?"

"ஒரு நிமிஷம்கூட ஆகல," என்றாள் தங்கை.

 டாக்டர் அண்ணனைப் பார்த்தார். வயரும் பார்த்தார். அந்தக் கம்பெனியின் கட்டடம் எல்லோருக்கும் தெரியும். மெயின் ரோட்டில், கூரையில் ஆளுயர எழுத்துகளோடு நிற்பது. அந்த வழியாக வண்டி ஓட்டும்போது அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான் என்பது சபையில் பழைய கிண்டல்.

"ஆள் நேர்ல நிக்கணும் அண்ணா," என்றாள். "டேப்பு மட்டும் போதாது. நிஜ ஆள் பேசி, அடுத்த நொடி பெட்டி பேசணும். அப்பத்தான் எந்தப் பெட்டி பொய் சொல்லுதுன்னு எம்.டி.க்கே தெரியும். காலையில பத்து மணி."

"பத்து மணிக்கு நான் கடை திறக்கணும்."

"தெரியும்."

"அந்தக் கட்டடத்துக்குள்ள நான்."

"ஆமா."

"வாசல்ல யாராவது பாத்தா?"

"நாங்க வெளிய சொல்ல மாட்டோம் காது," என்றார் டாக்டர்.

"நான் சொல்லுவேன்," என்றார் வயர்.

அண்ணன் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினான். முன்துணியின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்பி, உள்ளே இருந்ததைப் பார்த்தான். எந்த முகபாவமும் இல்லாமல் திரும்ப மூடினான். பிறகு பெட்டியின் முதுகை ஓட்டுச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று இடையில் விரலை விட்டுப் பார்த்தான். தங்கை காத்திருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"நாளைக்கு நீங்க கேக்கப் போற ரூம்ல," என்றான், "சுவர் என்ன சுவர்? செங்கல்லா, கண்ணாடியா?"